சுழலும் வட்டம்: வீட்டு 4கே காணொளி டிவியில் நின்று நின்று ஓடினால்

தொழில்நுட்பப் பாடம்



இப்போது திறன்பேசியே 4கே-யில் படம் பிடிக்கிறது. கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம், பட்டமளிப்பு என்று எல்லாம் கோப்பாகி ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்கிறது. விவரம் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், பழைய கணினியில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி போன்ற ஒரு மென்பொருளைப் போட்டு அதை வீட்டு மீடியா சர்வராக ஆக்கிவிடும். அப்புறம் ஹாலில் உட்கார்ந்தபடியே ரிமோட்டில் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

பார்க்கலாம் என்றுதான் நினைப்போம். படம் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும். உடனே வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "இன்டர்நெட் ஸ்லோ." "ரூட்டரை மாத்தணும்." "டிவி பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்." மூன்றும் வெறும் ஊகம். ஆனால் மூன்றுக்கும் காசு செலவாகும்.

சொந்தக்காரர் வீட்டுக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் இந்தக் கோளாறைப் பார்க்கப் பலமுறை போயிருக்கிறேன். புதுப் பொருள் வாங்கித் தீர்ந்த வீடுகளைவிட, ஒரு செட்டிங்கையோ ஒரு கேபிளையோ மாற்றித் தீர்ந்த வீடுகளே அதிகம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தப் பாடம்.

இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு நான்கு விஷயம் கைவர வேண்டும்:

1. ஒரு காணொளிக்கு எவ்வளவு வேகம் தேவை என்று கணக்குப் போடுவது.
2. கோளாறு சர்வரிலா, வழியிலா, டிவியிலா என்று பிரித்துப் பார்ப்பது.
3. காசு செலவில்லாமல் தீரும் வழிகளை முதலில் முயல்வது.
4. எப்போது வாங்கத்தான் வேண்டும் என்று தெரிந்துகொள்வது.

அ. முதலில் கணக்கு

4கே படத்தில் ஒரு காட்சிச் சட்டத்துக்கு 3840 × 2160 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 83 லட்சம். சாதாரண ஃபுல் எச்.டி.-யைப் போல நான்கு மடங்கு. ஒரு புள்ளிக்கு 24 பிட், வினாடிக்கு 30 சட்டம் என்று பெருக்கினால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 6,000 மெகாபிட் வரும். இதை அப்படியே எந்த வீட்டு இணைப்பிலும் அனுப்ப முடியாது. அதனால்தான் படத்தைச் சுருக்குகிறார்கள். சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வந்தது எச்.264. 2013-இல் வந்தது எச்.இ.வி.சி. 2018-இல் வந்தது ஏவி1. புதியது, பழையதைவிடக் குறைந்த அளவில் அதே தெளிவைத் தரும். எச்.264-க்குத் தேவைப்படும் அளவில் ஏறக்குறைய பாதி இருந்தாலே எச்.இ.வி.சி.-க்குப் போதும்.

சுருக்கிய பிறகு ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் தேவைப்படுகிறதோ அதுதான் பிட்ரேட். இதை நீங்களே கணக்கிடலாம். 1 பைட் என்றால் 8 பிட். கோப்பின் அளவை 8-ஆல் பெருக்கி, ஓடும் வினாடிகளால் வகுத்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டு: 1 மணி நேரக் காணொளி, 45 ஜிகாபைட்.
45,000 மெகாபைட் × 8 = 360,000 மெகாபிட்.
360,000 ÷ 3,600 வினாடி = வினாடிக்கு 100 மெகாபிட்.

இன்னொன்று: ஐபோனில் எச்.இ.வி.சி. முறையில், வினாடிக்கு 30 சட்டம் என்று 4கே எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 மெகாபைட் ஆகும். அது வினாடிக்கு 23 மெகாபிட். அதையே 60 சட்டமாக எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாபைட், அதாவது 53 மெகாபிட்.

நெட்ஃபிலிக்ஸ் தன் 4கே படங்களுக்குக் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட். இதை நினைவில் வையுங்கள். "நெட்ஃபிலிக்ஸ் நல்லாதானே ஓடுது, நம்ம வீட்டு வீடியோ மட்டும் ஏன் நிக்குது?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. நெட்ஃபிலிக்ஸ் படத்தை மிக நன்றாகச் சுருக்கி, வேகம் குறைந்தால் தரத்தையும் தானே குறைத்து அனுப்புகிறது. கேமராவிலிருந்து நேரே வந்த உங்கள் கோப்பு அதைப்போல நான்கைந்து மடங்கு கனமாக இருக்கலாம்.

இன்னொரு விஷயம். நாம் கணக்கிடுவது சராசரி. ஆள் ஒருவர் அசையாமல் உட்கார்ந்து பேசும் காட்சிக்குக் குறைவாகவும், காவடி ஆட்டம், அருவி, பூ தூவும் காட்சி போன்றவற்றுக்கு அதிகமாகவும் பிட்ரேட் போகும். அதனால் சராசரியைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு வேகமாவது வழியில் இருக்கணும்.

ஆ. மூன்று இடம், மூன்று கேள்வி

காணொளி மூன்று இடத்தைக் கடந்து உங்கள் கண்ணுக்கு வருகிறது.

சர்வர்: கோப்பைப் படித்து அனுப்புகிறது.
வழி: கேபிள், ரூட்டர், வைஃபை.
டிவி: வாங்கி, விரித்து, காட்டுகிறது.

இதில் இணையச் சேவை எங்கே? எங்கேயும் இல்லை. சர்வரும் டிவியும் ஒரே வீட்டில் இருக்கும்போது காணொளி வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. 100 மெகாபிட் திட்டத்தை 1 ஜிகாபிட் திட்டமாக உயர்த்தினால் மாதக் கட்டணம் உயரும். வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

முதல் கேள்வி: சர்வர் என்ன செய்கிறது?

படம் ஓடும்போதே மடிக்கணினியில் சர்வரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செய்வது இதுதான். டிவியைத் தொடுவதுகூட அப்புறம்தான். அந்தப் பக்கத்தில் மூன்றில் ஒன்று தெரியும்.

நேரடியாக ஓடுகிறது: கோப்பு அப்படியே போகிறது. சர்வருக்கு வேலையே இல்லை. பத்து வருடப் பழைய கணினியாலும் இது முடியும்.

உறை மட்டும் மாறுகிறது, அல்லது ஒலி மட்டும் மாறுகிறது: இதுவும் லேசான வேலைதான்.

படம் மாற்றப்படுகிறது: இதை டிரான்ஸ்கோடிங் என்பார்கள். சர்வர் 4கே படத்தை விரித்து, திரும்பச் சுருக்கி அனுப்புகிறது. மிகவும் கனமான வேலை. அந்தப் பக்கத்திலேயே வினாடிக்கு எத்தனை சட்டம் மாற்றுகிறது என்ற எண்ணும் இருக்கும். 30 தேவைப்படும் இடத்தில் 17 என்று இருந்தால், படம் நிற்காமல் ஓட வாய்ப்பே இல்லை.

படம் மாற்றப்படுகிறது என்று வந்தால் "ஏன்?" என்று பாருங்கள். காரணத்தையும் சர்வரே எழுதியிருக்கும். வழக்கமாக வருபவை இவை:

டிவியில் உள்ள செயலியில் தரத்தின் உச்ச அளவு குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. 20 மெகாபிட் என்று இருந்தால், அதற்கு மேல் உள்ள எந்தக் கோப்பையும் சர்வர் சுருக்கத்தான் பார்க்கும். "அசல் தரம்" அல்லது "உச்சம்" என்று மாற்றுங்கள்.

சர்வர், டிவியை வெளியூரில் இருக்கும் கருவி என்று நினைத்துக்கொள்கிறது. இணைய நிறுவனம் தந்த ரூட்டர் ஒன்று, நாம் வாங்கிய ரூட்டர் ஒன்று என்று இரண்டு இருக்கும் வீடுகளில் இது நடக்கும். சர்வர் ஒன்றில், டிவி இன்னொன்றில். விருந்தினர் வைஃபையில் டிவியைச் சேர்த்திருந்தாலும் இதே கதைதான். இரண்டையும் ஒரே ரூட்டரின் கீழ் கொண்டுவாருங்கள்.

கோடெக்கோ ஒலியோ டிவிக்குப் புரியவில்லை. இதை மூன்றாம் கேள்வியில் பார்ப்போம்.

சப்டைட்டில். இதற்குத் தனிப் பகுதியே பின்னால் இருக்கிறது.

இரண்டாம் கேள்வி: வழி எவ்வளவு அகலம்?

நேரடியாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் நிற்கிறது என்றால் வழியைச் சந்தேகப்படலாம். ஐபெர்ஃப்3 என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. சர்வரில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று போடுங்கள். மடிக்கணினியை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, டிவிக்குப் போகும் அதே கேபிளை அதில் செருகி அளந்து பாருங்கள். ஒழுங்கான கிகாபிட் இணைப்பு என்றால் 930, 940 என்று வரும். 94 என்று வந்தால் எங்கேயோ ஒரு கண்ணி 100 மெகாபிட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கண்ணி பெரும்பாலும் கேபிள்தான். நெட்வொர்க் கேபிளுக்குள் 8 கம்பி உண்டு. 100 மெகாபிட்டுக்கு 4 போதும். 1,000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கி, 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத கம்பி ஒன்று அறுந்தால் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கும் எரியும், நெட்ஃபிலிக்ஸும் ஓடும். யாருக்கும் தெரியாது. கேட் 5இ கேபிள் ஒன்றை மாற்றினால் போதும்.

வைஃபை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா என்று பாருங்கள். 2.4 தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபைகளோடும் மோதும். 5 வேகமாகப் போகும், சுவரில் தேயும். நம் மாடி வீடுகளில் மேல்மாடித் தளம் முழுக்கக் கான்கிரீட். மேலே ரூட்டர், கீழே டிவி என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் திணறும். சிங்கப்பூரில் வீவக வீடுகளில் இன்னொரு சிக்கல். பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் காப்பறையில் சாமான்களோடு ரூட்டரையும் வைத்து இரும்புக் கதவைச் சாத்திவிடுவார்கள். தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் சேர்ந்தால் அலை எப்படி வெளியே வரும்? ரூட்டரை வெளியே எடுத்து வைப்பதற்கு ஒரு காசும் ஆகாது.

மூன்றாம் கேள்வி: டிவியால் முடிகிறதா?

ஒரு எளிய சோதனை. அதே கோப்பை யு.எஸ்.பி. டிஸ்கில் போட்டு நேரே டிவியில் செருகி ஓட்டுங்கள். இப்போது சர்வரும் இல்லை, வழியும் இல்லை. அப்படியும் திணறினால் டிவியால் அந்தக் கோப்பை விரிக்க முடியவில்லை என்று பொருள். ஒழுங்காக ஓடினால் டிவி மேல் பழி இல்லை. டிஸ்க் எஃப்.ஏ.டி.32 முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஒரு கோப்பைப் போட முடியாது. அதனால் டிவி ஏற்கும் வேறு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது சிறு துண்டை வெட்டிப் போடுங்கள்.

டிவிக்குப் புரியாதவை சில உண்டு. நல்ல கேமராக்கள் 10 பிட் 4:2:2 என்று எடுக்கும் எச்.264 கோப்புகளைப் பெரும்பாலான டிவிகளால் விரிக்க முடியாது. பல டிவிகளில் டிடிஎஸ் ஒலி வராது, படம் மட்டும் ஊமையாக ஓடும். சாம்சுங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது. இதெல்லாம் டிவி கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல, அந்தக் கருவியின் எல்லை. கோப்பை அதற்கு ஏற்றபடி மாற்றினால் சரி.

இ. ஒரு வீட்டில் செய்து பார்த்தது

மேலே சொன்ன வரிசையை ஒரு வீட்டில் எப்படிப் பயன்படுத்தினேன் என்று சொல்கிறேன்.

கிள்ளானில் என் அத்தை வீடு. தாத்தா இருந்தபோது, அத்தை மகன் அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசவைத்து 4கே-யில் எடுத்திருந்தான். தோட்டத்து லயம், விடிகாலைப் பெரட்டு, பால் மரம் வெட்டப் போனது, தோட்டம் துண்டாடப்பட்டபோது ஊரைவிட்டு வந்தது என்று தாத்தா சொல்லிக்கொண்டே போவார். தாத்தா போன வருடம் காலமாகிவிட்டார். பாட்டிக்குக் கண் மங்கல். திறன்பேசியில் முகம் தெரியவில்லை என்கிறார். பெரிய டிவியில் காட்டலாம் என்றால் வட்டம் சுற்றுகிறது. தாத்தா ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், முடிப்பதற்குள் நின்றுவிடும். பாட்டி இரண்டு தடவை பார்த்துவிட்டு, "வேணாம்பா, நிப்பாட்டு" என்று எழுந்து போய்விட்டாராம்.

மாமா கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். புது டிவி 3,000 ரிங்கிட் என்று விலை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"வாங்கிடலாமா, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"பொறுங்க மாமா, எங்க நிக்குதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன்.

கோப்பின் அளவு 45 ஜிகாபைட், ஓடும் நேரம் 1 மணி. மேலே போட்ட அதே கணக்கு, 100 மெகாபிட். எடிட் செய்துவிட்டு உச்சத் தரத்தில் எச்.264-ஆக வெளியே எடுத்திருக்கிறான்.

முதல் கேள்வி. சர்வர் பக்கத்தைத் திறந்தேன். நேரடியாக ஓடுகிறது. சர்வர் வேலை செய்வதாகவே தெரியவில்லை. ஆக, அது காரணம் இல்லை.

இரண்டாம் கேள்வி. டிவிக்குப் போகும் கேபிளைக் கழற்றி மடிக்கணினியில் செருகி அளந்தேன். 937. வழியும் காரணம் இல்லை.

மூன்றாம் கேள்வி. கோப்பை யு.எஸ்.பி. டிஸ்கில் போட்டு டிவியில் செருகினேன். தாத்தா தடையே இல்லாமல் பேசினார். விரிக்கவும் டிவியால் முடிகிறது.

மூன்றும் நல்லபடி இருக்கும்போது எதில் கோளாறு? கேபிள் டிவிக்குள் நுழையும் துளையில். பல 4கே டிவிகளில் நெட்வொர்க் துளை இன்னும் 100 மெகாபிட்தான். விலை உயர்ந்த டிவிகளிலும் இது உண்டு. அதில் உண்மையில் கிடைப்பது 94, 95. வரவு 94, செலவு 100. தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் தொட்டியில் கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பதால் சில நிமிடம் நன்றாக ஓடும். பிறகு தொட்டி காலி. திரும்ப நிரம்பும் வரை வட்டம் சுற்றும். அத்தை வீட்டில் நடந்தது இதுவேதான்.

அந்த வீட்டில் ரூட்டரும் டிவியும் ஒரே ஹாலில் இருந்தன. டிவிக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை அளந்தேன். 300-க்கு மேல் வந்தது. டிவியிலிருந்து கேபிளைப் பிடுங்கினேன், வைஃபையில் சேர்த்தேன். அவ்வளவுதான். காணொளி முழுசாக ஓடியது.

"கேபிளைப் போட்டாத்தான் வேகம்னு சொல்வாங்களே?" என்றார் மாமா. பொதுவாக அது சரி. ஆனால் துளை குறுகலாக இருந்தால் கேபிள் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் இல்லை. உங்கள் வீட்டில் ரூட்டர் தூரத்தில் இருந்தால் முடிவு நேர்மாறாக வரலாம். அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

ஈ. சப்டைட்டில் போட்டால் மட்டும் நிற்கிறதா?

அத்தை வீட்டில் கதை அதோடு முடியவில்லை. பேரப்பிள்ளைகளில் இரண்டு பேர் சீனப் பள்ளியில் படிக்கிறார்கள். தாத்தாவின் தோட்டத்துத் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் புரியும். அதற்காக அத்தை மகன் மலாயிலும் தமிழிலும் சப்டைட்டில் எழுதியிருந்தான், விதவிதமான எழுத்துரு, நிறம் எல்லாம் வைத்து. அதைப் போட்டதும் வட்டம் திரும்பி வந்தது. எடுத்தால் ஓடியது.

சர்வர் பக்கத்தைப் பார்த்தேன். "படம் மாற்றப்படுகிறது. காரணம்: சப்டைட்டில்."

நடப்பது இதுதான். எஸ்.ஆர்.டி. என்ற வகையில் வெறும் எழுத்தும் நேரமும்தான் இருக்கும். சர்வர் அதைத் தனியாக அனுப்பும், டிவி படத்தின் மேல் காட்டும். சுமையே இல்லை. ஏ.எஸ்.எஸ். என்ற அலங்கார வகையும், டிஸ்குகளில் வரும் பட வகைச் சப்டைட்டிலும் அப்படி அல்ல. டிவிச் செயலிக்கு அதைக் காட்டத் தெரியாவிட்டால், சர்வர் ஒவ்வொரு சட்டத்திலும் எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்து, முழுப் படத்தையும் திரும்பச் சுருக்கி அனுப்பவேண்டியிருக்கும். இரண்டு வரி எழுத்துக்காக 83 லட்சம் புள்ளிகளையும் மறுபடி செய்கிறது. பழைய கணினி எப்படித் தாங்கும்?

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் திறந்து எஸ்.ஆர்.டி.-யாகச் சேமித்தோம். தமிழுக்கு ஒரு முக்கியக் குறிப்பு: சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியும் கட்டங்களும் வரும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வரிகளாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நிறமும் அலங்காரமும் போய்விட்டன, வட்டமும் போய்விட்டது. பிள்ளைகள் "பெரட்டு" என்றால் என்ன என்று பாட்டியிடம் கேட்க ஆரம்பித்தார்கள். பாட்டி டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர்களுக்கு விளக்கினார்.

உ. அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இதை வெட்டி ரூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.

சில நிமிடம் ஓடி நிற்கிறது, திரும்பத் திரும்ப அதேதான்: வரவு வேகம் பிட்ரேட்டைவிடச் சற்றுக் குறைவு. துளை, கேபிள், வைஃபை பாருங்கள்.

கூட்டம், அருவி, ஆட்டம் உள்ள காட்சியில் மட்டும் நிற்கிறது: சராசரிக்குப் போதும், உச்சத்துக்குப் போதவில்லை.

தொடக்கத்தில் மட்டும் பத்துப் பதினைந்து வினாடி தாமதம், பிறகு சரி: சர்வரின் ஹார்ட் டிஸ்க் தூங்கிப்போய் எழுந்திருக்கிறது. கோளாறு அல்ல.

சப்டைட்டில் போட்டால் மட்டும் நிற்கிறது: எஸ்.ஆர்.டி.-க்கு மாற்றுங்கள்.

படம் உண்டு, ஒலி இல்லை: ஒலி வகை டிவிக்குப் புரியவில்லை.

ஒலி உண்டு, படம் கறுப்பு: கோடெக் டிவிக்குப் புரியவில்லை.

நிறம் சாம்பல் பூத்து வெளிறித் தெரிகிறது: எச்.டி.ஆர். படத்தைச் சாதாரணப் படமாக மாற்றும்போது நிற மாற்றம் ஒழுங்காக நடக்கவில்லை. சர்வரில் அதற்கான செட்டிங்கைப் பாருங்கள்.

இரவில் மட்டும் நிற்கிறது: எல்லாரும் வீடு திரும்பிய பிறகு வைஃபையில் நெரிசல். சேனலை மாற்றுங்கள், அல்லது கேபிள் போடுங்கள்.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் மாற்றி, செட்டிங்கையும் மாற்றி, சர்வரையும் அணைத்துப் போட்டால் ஒருவேளை சரியாகலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்கணும்.

ஊ. வாங்குவதற்கு முன்

எல்லாம் பார்த்தும் தீரவில்லையா? இன்னும் ஓர் இலவச வழி இருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கோப்பை எச்.இ.வி.சி. முறையில் 25 அல்லது 30 மெகாபிட்டாகச் சுருக்கி ஒரு பிரதி எடுங்கள். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். வீட்டு டிவியில் பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. ஆனால் அசலை அழிக்காதீர்கள். இடம் போதவில்லை என்று அசலை அழித்துவிட்டால், நாளை அந்தக் குரலையும் முகத்தையும் நல்ல தரத்தில் எங்கிருந்து எடுப்பீர்கள்? அசலுக்கு இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி, அதுவும் வேறு வீட்டில் இருந்தால் நல்லது.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் எது கண்ணியோ அதை மட்டும் வாங்குங்கள்.

துளை குறுகல், வைஃபையும் எட்டவில்லை என்றால், கிகாபிட் துளை உள்ள சிறு மீடியா பெட்டி ஒன்று போதும். டிவியை மாற்றவேண்டாம். பெட்டி உங்கள் கோடெக்கை விரிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். எடுத்துக்காட்டாக, ராஸ்பெர்ரி பை 4-இல் கிகாபிட் துளை இருக்கிறது, 4கே எச்.இ.வி.சி.-யையும் அதன் சில்லு விரிக்கும். ஆனால் எச்.264-இல் ஃபுல் எச்.டி. வரைதான். தாத்தாவின் அந்த எச்.264 கோப்பு அதில் திணறும்.

சர்வர்தான் தாங்கவில்லை, படத்தை மாற்றியே ஆகவேண்டும் என்றால், படம் மாற்றும் தனிச் சுற்று உள்ள சில்லு தேவை. இன்டெல் 7-ஆம் தலைமுறைச் சில்லுகளிலிருந்து 10 பிட் எச்.இ.வி.சி.-க்கு இந்த வசதி உண்டு. பயன்படுத்திய அலுவலகக் கணினிகளிலேயே கிடைக்கும். ஜெல்லிஃபினில் இந்த வசதிக்குக் கட்டணம் இல்லை. பிளெக்ஸில் சந்தா கட்டணும்.

நம் பெரியவர்களின் பேச்சு இன்று பல வீடுகளில் கோப்பாகக் கிடக்கிறது. எடுத்தவர் ஒருவர், சேமித்தவர் ஒருவர், பார்க்க முடிந்தவர் யாரும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. உங்கள் கிளையில் இதைப் படித்த இரண்டு பேர் சேர்ந்து, வாரம் ஒரு வீடு என்று போய்ப் பார்த்துக் கொடுத்தாலே எத்தனையோ வீட்டில் டிவி பேசும்.

பயிற்சி

1. 20 நிமிடக் காணொளி, 18 ஜிகாபைட். பிட்ரேட் என்ன? 100 மெகாபிட் துளை உள்ள டிவியில் கேபிள் வழியாக ஓடுமா?

2. 1 மணி நேரக் காணொளி, 27 ஜிகாபைட். அதே டிவியில் ஓடுமா?

3. சர்வர் பக்கத்தில் "படம் மாற்றப்படுகிறது. காரணம்: பிட்ரேட் உச்ச அளவைத் தாண்டுகிறது" என்று இருக்கிறது. முதலில் எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?

4. சர்வரிலிருந்து மடிக்கணினிக்குக் கேபிள் வழியாக அளந்தால் 94 வருகிறது. இரண்டிலும் கிகாபிட் துளைதான். அடுத்து என்ன செய்வீர்கள்?

5. உங்கள் வீட்டில் உள்ள மிகக் கனமான காணொளியைத் தேர்ந்தெடுத்து, மூன்று கேள்விகளுக்கும் பதிலைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கோளாறு இல்லாத போதே எழுதி வையுங்கள். கோளாறு வரும் நாளில் ஒப்பிட அதுதான் உதவும்.

விடைகள்: 1) 120 மெகாபிட், ஓடாது. 2) 60 மெகாபிட், ஒன்றரை மடங்கு என்றால் 90. ஓடும், ஆனால் விளிம்பில்தான். 3) டிவிச் செயலியின் தர செட்டிங்கில். சரியாக இருந்தால், சர்வரும் டிவியும் ஒரே ரூட்டரின் கீழ் உள்ளனவா என்று பார்க்கணும். 4) கேபிளை மாற்றி மீண்டும் அளக்கணும். அப்படியும் 94 என்றால், நடுவில் உள்ள ரூட்டர் அல்லது சுவிட்சின் துளைகள் கிகாபிட்டா என்று பார்க்கணும்.